கேள்வி கேட்பது அவமரியாதையன்று

2015 யூலையில் சிட்னியின் நான்கு பல் வைத்திய நிலையங்கள் பற்றி நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் திணைக்களம் எச்சரித்தது. கருவிகள் முறையாகத் தொற்றுநீக்கப்படாமையால் 11,000 பேர் வரை எச்.ஐ.வி., ஈரலழற்சி அபாயத்துக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்றது. அங்கே பரிசோதகர்கள் நுழையக் காரணம் ஒரு முறைப்பாடு.

நம்மவரோ வைத்தியரைக் கேள்வி கேட்பது அவமரியாதை என்றெண்ணி மௌனம் காக்கின்றனர். இம்மௌனம் பண்பாடன்று, நம் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பணயம் வைப்பதாகும்.

இந்நாட்டில் தனியார் பல் வைத்திய நிலையங்களுக்குத் தரச்சான்று கட்டாயமன்று. தொற்றுக்கட்டுப்பாட்டு விதிகளோ கட்டாயமானவை. கருவிப்பொதி கண்முன்னே பிரிக்கப்படுகிறதா எனப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஐயமெனில் கேட்க வேண்டும். குறை கண்டால் சிட்னியில் சுகாதார முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கும், மெல்பேணில் வைத்தியர்களைப் பதிவுசெய்யும் அஃப்ரா நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். ஆங்கிலம் தடையெனில் இளையோர் கைகொடுக்கட்டும். பரிசோதகர் தாமாக வருவாரெனக் காத்திருப்பது பேதைமை.