புலிக்கும் சினை ஊசியா? குட்டி பிறந்தால் போதுமா, காடு வேண்டாமா?

(நமது நிருபர்)

வடசேரி பஸ் நிலையம். டீக்கடையில் ஒரு பெரியவர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, மனுசனுக்கு டெஸ்ட் டியூப் குழந்தை சரி. புலிக்குமா?"

"ஆமா அண்ணாச்சி, புலிக்கும்தான்" என்றேன்.

"பின்ன எதுக்குடே புலி அழியுதுன்னு கத்துகானுவ? ஆஸ்பத்திரியில வச்சே பெருக்கிரலாமே!"

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்து விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாடு வேறு, புலி வேறு!

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது தோவாளை முதல் விளவங்கோடு வரை தெரிந்த சங்கதிதான். மாடு பருவத்துக்கு வந்து கத்தும். கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போவோம். டாக்டர் உறைவிந்துக் குழாயை எடுப்பார். சில நிமிடத்தில் வேலை முடிந்து விடும்.

புலியிடம் இந்த ஜம்பம் பலிக்காது! பூனைச் சாதியே தனி. பெரும்பாலும் ஆணோடு சேர்ந்த பிறகுதான் புலிக்குக் கருமுட்டை வெளியே வரும். ஆண் இல்லாமல் குட்டி வேண்டும் என்றால், ஹார்மோன் ஊசி போட்டு முட்டையை வரவழைக்க வேண்டும். பிறகு மயக்க ஊசி. வயிற்றில் சிறு துளை போட்டு, குழாய் வழியே பார்த்து விந்தைச் செலுத்த வேண்டும். கர்ப்பம் தங்கினால் சுமார் 100 நாள் காத்திருக்க வேண்டும். தங்காமல் போவதே அதிகம்.

ஆனாலும் சாதித்திருக்கிறார்கள்!

1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையைப் பிறக்க வைத்தார். அதே 1990-ல் அமெரிக்காவில் ஒமாஹா மிருகக்காட்சி சாலையில் டெஸ்ட் டியூப் புலிக்குட்டிகள் பிறந்தன. 2018-ல் தென்னாப்பிரிக்காவில் சினை ஊசி மூலம் 2 சிங்கக் குட்டிகள். 2020-ல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஒரு சிவிங்கிப்புலியின் கருவை இன்னொன்றின் வயிற்றில் வைத்து 2 குட்டிகள்!

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. விஞ்ஞானி லால்ஜி சிங் முயற்சியில் 1998-ல் ஐதராபாத்தில் அழியும் விலங்குகளுக்கான ஆய்வுக்கூடம் உருவானது. 2006-ல் அங்கே சினை ஊசியில் புள்ளிமான் குட்டி பிறந்தது. புலி, சிங்கத்தின் விந்தையும் உறைய வைத்துக் காக்கிறார்கள்.

எதற்கு இந்த வித்தை?

வெள்ளைப்புலியைப் பாருங்கள். 1951-ல் ரீவா காட்டில் பிடித்த மோகன் என்ற குட்டியை, பிறகு அதன் மகளோடேயே சேர்த்துத்தான் வெள்ளைக் குட்டிகளைப் பெருக்கினார்கள். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்ததன் பலன், மாறுகண் முதலான குறைகள். நாம் டிக்கெட் வாங்கிப் பார்த்துக் கைதட்டுகிறோம்!

இங்கேதான் உறைவிந்து கை கொடுக்கும். புலியைக் கூண்டோடு லாரியில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம். ஒரு சின்னக் குழாய் போதும், புது ரத்தம் வந்து விடும். இதை நான் வரவேற்கிறேன். ஆனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்க்க இந்த வித்தை வேண்டவே வேண்டாம்.

காடு போனால் கதை முடிந்தது

சிவிங்கிப்புலி நம் நாட்டில் அற்றுப் போனதாக 1952-ல் அறிவித்தார்கள். ஐதராபாத் விஞ்ஞானிகள் குளோனிங் முறையில் அதை உண்டாக்க நினைத்தார்கள். ஈரான் தன்னிடம் உள்ளதைத் தர மறுத்து விட்டது. கடைசியில் 2022-ல் நமீபியாவில் இருந்து 8 சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்தன. அவற்றை விடுவதற்கும் குனோ காடு தேவைப்பட்டது!

தமிழ்நாட்டில் 2018-ல் 264 புலிகள். 2022 கணக்கில் 306. இந்தப் புலிகளுக்கு யார் ஊசி போட்டது? காடும் இரையும் இருந்தால் புலி தானே பெருகும்.

நம் மாவட்டத்திலும் 402 சதுர கிலோமீட்டர் வன உயிரின சரணாலயம் இருக்கிறது. 2023-ல் பேச்சிப்பாறை பக்கம் சிற்றாறு ரப்பர் குடியிருப்பில் புலி புகுந்து ஆடு மாடுகளை அடித்தது. ரப்பர் பால் வெட்டப் போகவே ஜனங்கள் பயந்தார்கள். ஆடு பறிகொடுத்தவன் வயிறு எரியத்தான் செய்யும். அவனுக்கு நஷ்ட ஈடு உடனே கைக்கு வந்தால்தான் அவன் புலியை வாழ விடுவான். புலியைக் காக்க முதல் செலவு அதுதான்.

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். உறைவிந்து என்பது ஆபத்துக்குப் போட்டு வைத்த பேங்க் டெப்பாசிட். காடுதான் குடியிருக்கும் வீடு. டெப்பாசிட் இருக்கிறதே என்று வீட்டை இடிப்பார் உண்டா?