நாகூர் கந்தூரிக்கு கேமராவோடு போகிறீர்களா?

நாகூர் கந்தூரியைப் படமெடுக்க நினைப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் பிறைக்கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. இஸ்லாமிய மாதக் கணக்கில் வரும் விழா என்பதால் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகரும். 2025-ல் நவம்பர் கடைசியில் வந்தது. இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு வடகிழக்குப் பருவமழையோடுதான் விழா. கேமரா பைக்கு மழை உறையும், இரண்டு பருத்தித் துணியும் கட்டாயம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும். கால் மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து எடுக்கலாம்.

தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் கட்டியது, 131 அடி. பக்கத்தில் நின்று செல்போனை அண்ணாந்து பிடித்தால் மினாரா பின்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். 60 மீட்டர் தள்ளிப்போய், போனை நேராக நிமிர்த்திப் பிடித்தால் முழுசாக அடங்கும். புது லென்ஸ் வேண்டாம், நாலு எட்டு நடந்தால் போதும்.

கடற்கரையில் சூரியோதயம் எடுத்த கையோடு உப்பு ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். கூட்டமில்லாமல் நிலக்காட்சி மட்டும் வேண்டுமென்றால் தை மாதம் தோது: மழை ஓய்ந்திருக்கும், டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும்.

தர்காவுக்கு நோயோடும் வேண்டுதலோடும் வருபவர்கள் அதிகம். கண்ணீரோடு கையேந்தி நிற்பவரின் முகம் எவ்வளவு நல்ல படமாக அமைந்தாலும், அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.