டிசம்பரில் குறையும் குருதி

கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையை மலாவி நாட்டின் கிராமப்புற மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் தன்னார்வலராகக் கழித்தேன். அந்நாள்கள் என்னுள் எழுப்பிய கேள்வி ஒன்றுதான்: ஆண்டுதோறும் தவறாமல் வரும் நெருக்கடிக்கு ஏன் முன்கூட்டியே ஆயத்தமாவதில்லை?

மலாவியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மழையோடு கொசு பெருகும். கொசுவோடு மலேரியாவும் பெருகும். அதன் கிருமி ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பதால், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலர் கடும் ரத்தசோகைக்கு ஆளாகின்றனர். ஆர்ட்டிசுனேட் ஊசிமருந்து கிருமியைக் கொல்லும். இழந்த குருதியை மீட்டுத் தராது. நிலைமை முற்றிய குழந்தை பிழைக்க ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது? அந்நாட்டின் தன்னார்வக் கொடையாளர்களில் பெரும்பகுதியினர் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். எச்.ஐ.வி. பரவல் மிகுந்த நாட்டில் இளையோரின் குருதி ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஆனால், கிறிஸ்துமஸையொட்டிப் பள்ளிகள் மூடப்படுகின்றன. தேவை கூடும் வேளையில் வரத்து குறைகிறது. பண்டிகை நாளில் எங்கள் குளிர்பெட்டியில் எஞ்சியவை இரண்டே பைகள். நோயுற்ற குழந்தைகளின் தந்தையரையும் தாய்மாமன்களையும் சோதித்து, பொருந்தியவர்களிடம் ரத்தம் எடுத்தோம்.

முறையாகப் பதப்படுத்திய முழு ரத்தம் 35 நாள்கள் வரை கெடாது. பள்ளி மூடுவதற்கு முந்தைய வாரத்தில் முகாம்கள் நடத்தினால் விடுமுறையைக் கடந்துவிடலாம். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள அந்நாட்டில், தேவாலயங்கள் நிறைந்து வழியும் திருநாளிலும் கொடையாளர்களைத் திரட்டலாம்.

இதற்கெல்லாம் பரிசோதனைப் பொருள்களும், வாகனமும், நிலையான ஊதியமும் வேண்டும். இவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டு நிதியைச் சார்ந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்தச் சார்பின் ஆபத்து வெளிப்பட்டது. அரசு நிதியில் 15 விழுக்காட்டை நலவாழ்வுக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க நாடுகள் 2001-இல் அபுஜாவில் உறுதியேற்றன. பெரும்பாலானவை இன்றும் அதை எட்டவில்லை.

என்னைப் போன்றோர் சில வாரங்களில் ஊர் திரும்பிவிடுவோம். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் பெற்று, சிசேரியன் அறுவைச் சிகிச்சைவரை செய்யும் உள்ளூர் 'கிளினிக்கல் ஆபீசர்'களே ஆண்டு முழுவதும் அங்கிருப்பவர்கள். உதவ விரும்புவோரும் அரசுகளும் முதலில் வலுப்படுத்த வேண்டியது அவர்களின் கைகளையும், அவர்களின் குளிர்பெட்டியையும்தான்.