டைரக்ட் போட்டுடலாம் சார்!

திருச்சியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மந்திரம் ஒன்று உண்டு. "டைரக்ட் போட்டுடலாம் சார்." ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? டைரக்ட். டெம்பரேச்சர் முள் தாறுமாறாக ஏறி இறங்குகிறதா? வயரைக் கழற்றி விடு. இன்ஜின் சூடாகிறதா? தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடு. அரை மணி நேரத்தில் வேலை முடியும், காசும் குறைவு, வண்டியும் ஓடும். அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. அதற்குத்தான் இந்தப் புலம்பல் :)

முதலில் அந்த சென்சாரைப் பார்த்துவிடுவோம். சுண்டுவிரல் அளவு சாமான், பித்தளை மரை, உள்ளே ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், அவ்வளவுதான் சங்கதி. 2000-ல் மாருதி 800 இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய பிறகு, அந்தக் காலத்து மாருதி வண்டிகளில் இதன் கணக்கு ஏறத்தாழ இப்படி: 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம், 40-ல் சுமார் 1,100 ஓம், 60-ல் சுமார் 600, 80-ல் சுமார் 300. கப்ளரில் இரண்டு வயர். ஒன்றில் ஈ.சி.யூ. 5 வோல்ட் அனுப்புகிறது. இன்னொன்று ஈ.சி.யூ.வுக்கே திரும்பும் எர்த். எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்து இன்ஜின் சூட்டைத் தெரிந்துகொள்கிறது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது, ஃபேனை எப்போது போடுவது எல்லாம் இந்த ஒரே தகவலை வைத்துத்தான்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போக 1976-ல் கட்டிய காவிரிப் பாலம். கத்திரி வெயிலிலோ, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலோ அதில் வண்டி ஊர்ந்தால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர் ரோட்டில் எண்பதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். பாலத்தில் ஊரும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. அதனால்தான் ஊர் முழுக்கச் சுற்றியும் தெரியாத கோளாறு, மாம்பழச்சாலை வருவதற்குள் ஆவியாகக் கிளம்புகிறது.

அங்கே நடப்பது என்ன? சென்சார் வயரில் எப்போதோ யாரோ முறுக்கிச் சுற்றிய ஒட்டு ஒன்று இருக்கும். மேலே கறுப்பு டேப். நாலு மழையும் நாலு வெயிலும் கண்டால் செம்பில் பச்சை பூத்துவிடும். ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கில் சின்ன கரண்ட், அந்தப் பச்சையைத் தாண்டவே திணறும். ஒட்டில் 300 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். இன்ஜின் 80 டிகிரியில் இருக்கும்போது சென்சார் 300, ஒட்டு 300, மொத்தம் 600. ஈ.சி.யூ. என்ன நினைக்கும்? 60 டிகிரி என்று! இன்ஜின் 100-ஐத் தொட்டாலும் அதன் கணக்கில் 65 போலத்தான். ஃபேன் எப்படி ஓடும்? ஃபேன் நல்ல ஃபேன், சென்சாரும் நல்ல சென்சார். பொய் சொல்வது நடுவில் இருக்கும் இரண்டு அங்குல ஒட்டு.

இதில் ஒரு வேடிக்கை. வயர் முழுசாக அறுந்திருந்தால் பிரச்சினை இவ்வளவு மோசமாகாது. பெரும்பாலான ஈ.சி.யூ.க்கள் உடனே கண்டுபிடித்து, விளக்கைப் போட்டு, ஃபேனையும் விடாமல் ஓட்டும். பாதி கெட்ட ஒட்டுதான் விஷம். 60 டிகிரி என்பது நம்பக்கூடிய எண், அதனால் கோடும் வராது, விளக்கும் வராது. "சார், ஸ்கேன்ல ஒண்ணுமே காட்டல" என்பார்கள். காட்டாதுதான்!

எங்கள் வீட்டு 2004 மாடல் 800-க்கு நடந்தது இதேதான். பெயர் வேண்டாம், ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபேனுக்கு டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்து அனுப்பினார்கள். ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை, வீட்டு நைட் லாம்ப் சுவிட்ச் மாதிரி ஒன்றில் மாட்டியிருந்தார்கள். அது சூடேறி உருகினால் தீ. சுவிட்சைப் போட மறந்தால் இன்ஜின் போச்சு. அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் ஊதினால், சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தது பல ஆயிரத்தில் போய் முடியும். அப்பா ஓட்டும்போது நினைவு வைத்திருப்பார். அவசரத்துக்கு எடுத்துப் போகும் சித்தப்பா? இன்ஜின் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையை மிஷினிடமிருந்து பிடுங்கி மனுஷன் தலையில் கட்டுவதற்குப் பெயர் ரிப்பேரா?

"நம்ம ஊர் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க?" இது அடுத்த வாதம். அம்பாசடர் காலத்துப் பழக்கம். அதில் ஃபேன் பெல்ட்டில் ஓடியது, பெட்ரோலைக் கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது, எந்த சென்சாரையும் கேட்டு எதுவும் நடக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டி அப்படியில்லை. வெளியே 40 டிகிரி வெயில் என்பது இன்ஜினுக்குக் குளிர்! தெர்மோஸ்டாட் திறப்பதே 82 டிகிரி சுமாருக்குத்தான். அதைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் சூடேற ரொம்ப நேரமாகும். அதுவரை ஈ.சி.யூ. கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், பிளக்கில் கரி படியும். பாலத்தில் வரும் சூட்டுக்கும் இது மருந்தில்லை, ஏனென்றால் அங்கே கோளாறு ஃபேனில்.

"பழைய வண்டிக்கு இவ்வளவு பார்க்கணுமா?" என்றும் கேட்பார்கள். மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் இதை வைத்திருக்கிறார்கள். இன்ஜின் போனால் இன்னொன்று வாங்க முடியாதவர்களின் வண்டிக்குத்தான் ஒழுங்கான வேலை அவசியம்.

சரி, மெக்கானிக்தான் வில்லனா? இல்லை. அந்த ஓம் கணக்கு அவருக்கு யார் கொடுத்தார்கள்? சர்வீஸ் மேனுவலும், கண்டறியும் கருவியும், உதிரி பாகமும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்று 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் நுகர்வோர் அமைச்சகம் 'ரிப்பேர் உரிமை'க்குக் குழு போட்டது, கார்களும் அதில் சேர்த்தி. அந்த டிசம்பரில் இணையதளமும் வந்தது. நல்லதுதான். ஆனால் ஒரு சென்சாரின் ஓம் பட்டியலைத் தமிழில் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றைக்கூட நான் திருச்சியில் பார்த்ததில்லை. தகவலைப் பூட்டி வைத்தால் தெருவில் 'டைரக்ட்'தான் முளைக்கும்.

ஆனாலும் அறியாமைக்குக் காரணம் இருப்பது வேறு, அதையே தொழிலாக்குவது வேறு. ஒரு சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். ஒழுங்கான வேலை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. இன்ஜின் நன்றாக ஆறட்டும் (சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதித்துப் பீறிட்டு முகம் வெந்துவிடும்). கப்ளரைக் கழற்றி சென்சாரில் ஓம் பாருங்கள். கப்ளர் பக்கம் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். எர்த் வயரைப் பாடியில் கடிக்க வைக்காதீர்கள், ஈ.சி.யூ.வுக்கே போகட்டும். சென்சார் போயிருந்தால் புது வாஷரோடு மாற்றுங்கள், மரையை முறுக்கிக் கொல்ல வேண்டாம். வயரை முறுக்காமல் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். போர் தண்ணியை ஊற்றாமல் கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றுங்கள். கடைசியாக, ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓட விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பில்.

வண்டிக்காரர்களே, நாம் கேட்காததும் இதற்கு ஒரு காரணம். சீக்கிரம் முடியுமா, எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டால் அதற்கேற்ற பதில்தான் வரும். அடுத்த தடவை "டைரக்ட் போட்டுடலாம் சார்" என்றால் சண்டை போட வேண்டாம். மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"அண்ணே, எத்தனை ஓம் காட்டுது?"