தெய்வம் புனிதம், பூசாரி தீட்டு

பால் கடந்தவர்களைப் பண்டைய உலகம் தெய்வத்துக்கு அருகில் வைத்து மதித்தது என்றொரு பதிவு அடிக்கடி கண்ணில் படுகிறது. உதாரணத்துக்கு ரோமாபுரியின் சிபெலே தாய்த்தெய்வத்தையும், அவளுக்காக விதை நீக்கிக்கொண்ட ‘கல்லி’ என்னும் பூசாரிகளையும் காட்டுவார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ரோம் அவர்களை எப்படி நடத்தியது என்று படித்துவிட்டுப் பகிருங்கள் தோழர்களே.

கி.மு. 204. ஹன்னிபாலின் படை இத்தாலிக்குள் நிற்கிறது. அந்தத் தாயைக் கொண்டுவந்தால் அந்நியப் பகைவன் ஓடுவான் என்று சிபிலின் குறிநூல்களில் கண்டதாகச் சொன்னார்கள். இன்றைய துருக்கியிலிருந்து ஒரு கருங்கல் கப்பலேறி வந்தது. ஊரிலேயே உத்தமர் என்று செனட் தேர்ந்தெடுத்த ஸ்கிப்பியோ நாசிகா நேரில் போய் வரவேற்றார். கி.மு. 191-இல் பலத்தீன் குன்றில் கோயில். ஏப்ரலில் விழா, மேட்டுக்குடிகளுக்குள் மாறி மாறி விருந்து. அந்த விழாவின் விளையாட்டுகளில் அடிமைகளுக்கு இடமில்லை என்கிறார் சிசரோ.

சரி, பூசாரிகள்? ரோமக் குடிமகன் எவனும் அந்தப் பூசாரி ஆகக்கூடாது, வண்ண அங்கி போட்டுக் குழலோசையோடு ஊர்வலம் போகக்கூடாது என்று தடை இருந்தது. இதை ரோமின் பெருமையாகவே எழுதிவைத்திருக்கிறார் ஹாலிகார்னாசஸ் நகரத்து டயோனீசியஸ். கல்லிகள் குறிப்பிட்ட நாட்களில் பிச்சை எடுத்துக்கொள்ளலாம், அது சலுகை! கி.மு. 101-இல் ஓர் அடிமை அந்தத் தாய்க்காகத் தன் விதை நீக்கிக்கொண்டார். அவரைக் கடல் கடத்தினார்கள், இனி ரோமுக்குத் திரும்பவே கூடாது என்று. சடங்கு வேண்டும், அதைச் செய்கிறவர் மட்டும் நம்மவராக இருக்கக்கூடாது.

இதைச் சாதி என்று நான் சொல்லவில்லை. பிறப்பால் ஒட்டிக்கொண்டதல்ல இது. ஆனால் தீட்டு என்ன என்பது ரோமுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மதித்தார்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, சொத்து வைத்துக்கொள்ள விட்டார்களா, நீதிமன்றத்தில் பேச விட்டார்களா என்று கேட்டால் கெனூசியஸின் வழக்கில் வந்து நிற்போம்.

கெனூசியஸ் ஒரு கல்லுஸ். விடுதலை பெற்ற அடிமை ஒருவர் தம் சொத்தை அவருக்கு உயில் எழுதிவைத்தார். பிரேட்டர் ஒரெஸ்டஸ் உயில் செல்லும் என்றார். செத்தவரின் பழைய எஜமான் மேல்முறையிட, கி.மு. 77-இன் கான்சல் மாமெர்கஸ் அதை ரத்து செய்தார். காரணம்? தன் உறுப்பைத் தானே விரும்பி அறுத்துக்கொண்ட கெனூசியஸ் ஆணிலும் சேர்த்தியில்லை, பெண்ணிலும் சேர்த்தியில்லை. விரும்பித்தானே செய்தார் என்று கைகழுவுகிறவர்களைக் கேட்கிறேன்: அந்தத் தெய்வத்தைக் கப்பல் அனுப்பி வரவழைத்தது யார்? கெனூசியஸா, செனட்டா?

இதோடும் முடியவில்லை. நீதி கேட்கிற சாக்கில் இப்படிப்பட்டவர் வந்து நின்றாலே, வாய் திறந்தாலே நீதிபதிகளின் ஆசனம் அசுத்தமாகிவிடுமாம். இந்தத் தீர்ப்பைத் தன் நூலில் பதிவு செய்த வலேரியஸ் மாக்சிமஸ், மாமெர்கஸின் தகுதிக்கு ஏற்ற முடிவு என்று பாராட்டுகிறார். பலத்தீன் குன்றில் தாயின் ஏப்ரல் விழா வழக்கம்போல் நூற்றாண்டுக் கணக்கில் நடந்துகொண்டிருந்தது.