பணத்துக்கு ஒரு சட்டம், உயிருக்கு?



அன்னிய முதலீடு என்றதும் 'வேலை வரும், பணம் புழங்கும்' என்று மகிழ்கிறோம். அந்தப் பணத்தோடு என்ன ஒப்பந்தம் வருகிறது என்று கேட்பவர் எத்தனை பேர்? 1991ல் ஆழ்கடல் மீன்பிடிப்பில் அன்னியக் கூட்டுக் கப்பல்களுக்கு மத்திய அரசு வழி திறந்தது. குமரி முதல் குஜராத் வரை கடலோரம் கொதித்தெழுந்து கேள்வி கேட்டது. அதன் பயனாக அமைந்த முராரி குழு, அந்த அனுமதிகளை ரத்து செய்யுமாறு 1996ல் பரிந்துரைத்தது.

அந்தக் கேள்வியையே வாழ்நாள் படிப்பாக்கிக் கொண்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர் பேராசிரியர் முத்துக்குமாரசாமி சொர்ணராஜா. இலங்கையில் சட்டம் பயின்றவர். தாஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் போதித்தவர். அன்னிய முதலீட்டுச் சட்டம் பற்றி 1994ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவரது நூல் 2021ல் ஐந்தாம் பதிப்பைக் கண்டது. முதலீட்டாளரின் பாதுகாப்பு, ஒரு நாடு தன் மக்கள் நலனுக்குச் சட்டம் இயற்றும் உரிமையை நெரித்துவிடக் கூடாது என்பதே அவர் வாதம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயா? 1987 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் கொக்கட்டிச்சோலையில் இலங்கைப் படையினரின் நடவடிக்கையில் ஓர் இறால் பண்ணை அழிந்தது. தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர். பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹாங்காங் கம்பெனி, பிரிட்டன் - இலங்கை முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, உலக வங்கி அமைப்பின் தீர்ப்பாயத்தில் வழக்காடி, 1990ல் 4,60,000 டாலர் நஷ்டஈடு பெற்றது. மாண்டவர் குடும்பங்கள் வழக்காட அந்த ஒப்பந்தத்தில் இடம் உண்டா? இல்லை! பணத்துக்குக் கதவு திறந்தது. உயிருக்குக் கதவே வைக்கப்படவில்லை.

நம் நாடும் 1994 முதல் இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. நம் நீதிமன்றங்களில் ஏற்பட்ட தாமதத்தைக் காட்டி, ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி 2011ல் இந்தியாவை வென்றது. அதற்குக் கைகொடுத்த வாசகம், இந்தியா குவைத்தோடு செய்திருந்த ஒப்பந்தத்தில் இருந்தது! அதன் பின்னரே விழித்த அரசு, பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது.

அன்னிய முதலீடே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வருவதை வாசித்துப் பார்த்து வரவேற்போம் என்கிறோம். மருத்துவம், பொறியியல் என்று ஓடும் குமரி மாவட்டப் பிள்ளைகளில் சிலராவது இந்தச் சட்டத்தைக் கற்க வேண்டும். பெற்றோர் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் வாசிக்கத் தெரிந்த ஒருவர், கையெழுத்துக்குப் பின் கதறும் ஆயிரம் பேரினும் மேல். சிந்திப்போமா?