1900 நிலநடுக்கம்: கொங்கு மக்களுக்கும் பாலக்காட்டு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள்

1900 பிப்ரவரி 8, வியாழக்கிழமை அதிகாலையில் கோயம்புத்தூர் நடுங்கியது. ரிக்டர் அளவில் ஏறக்குறைய 6 என்று பின்னாளில் கணித்தார்கள். தென்னிந்தியாவில் பரவலாக உணரப்பட்ட அந்த அதிர்ச்சிக்குக் காரணமான நிலப்பிளவு எது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அதைக் கண்டறியும் வேலைக்கு உங்கள் உதவி வேண்டும். அதைக் கேட்கவே ஆசிரியர்களும் பொறியாளர்களும் நிலவியல் படித்தவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

இந்தியாவின் முதல் நிலநடுக்கப் பதிவு நிலையம் கல்கத்தாவின் அலிப்பூரில் 1898 டிசம்பரில்தான் தொடங்கியிருந்தது. அதனால் 1900-ஐப் பொறுத்தவரை கருவிகள் சொல்வது கொஞ்சம். ஊர்க்காரர்கள் எழுதி வைத்ததே அதிகம். எந்த ஊரில் சுவர் விரிந்தது, எங்கே ஓடு சரிந்தது, எங்கே ஆட்கள் தூக்கம் கலைந்து வாசலுக்கு ஓடினார்கள் என்று தெரியத் தெரியத்தான் மையம் எங்கே இருந்தது என்பது தெளிவாகும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டு, கடிதம், தேயிலைத் தோட்டக் குறிப்பு இருந்தால் விகாரி வருடம், தை மாதக் கடைசி வாரத்தைப் புரட்டிப் பாருங்கள். விடியுமுன் நடந்ததால், அன்றைய வழக்கப்படி புதன்கிழமை இரவு என்றே எழுதியிருக்கவும் கூடும். கோயில், மசூதி, தேவாலயப் பதிவேடுகளை வைத்திருப்போரையும் கேட்டுக்கொள்கிறோம். ஒற்றை வரியானாலும் போதும்.

இன்னொன்று கிணறு. கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது பக்கச்சுவரை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். செம்மண்ணுக்குக் கீழே ஒரே மட்டமாகப் போகும் சுக்கான் அடுக்கு ஓரிடத்தில் அறுபட்டு, அந்தப் பக்கம் ஒரு சாண் இறங்கியிருக்கிறதா? பாறை முகம் தேய்த்ததுபோல் வழுவழுப்பாகி, ஒரே திசையில் கீறல்களோடு, இடையில் அரைபட்ட மாவு போன்ற களிமண் இருக்கிறதா? இருந்தால் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். எல்லா வெடிப்பும் நிலப்பிளவு ஆகாது. அதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அந்த மண்ணின் வயதைக் கணக்கிட்டால் கடைசி அசைவு எப்போது நடந்தது என்றுகூட அறியலாம். கட்டுவேலையை அரை நாள் தள்ளிப்போட்டால் போதும்; கல் வைத்துப் பூசிவிட்டால் அந்தச் சான்று போய்விடும்.

நிலத்தில் பிளவு இருப்பதாகச் சொன்னால் அதன் விலை இறங்கிவிடும் என்ற பயம் எங்களுக்கும் புரிகிறது. ஆனால் 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலம் என்று வரைபடத்தில் குறித்திருந்த ஊர் அது. அதிகாலையில் 6.2 அளவில் அதிர்ந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளுக்குள் தூங்கியிருந்தவர்களில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். நம் பக்கத்துப் பழம்பாறை நிலமும் அதே தக்காணத் தீபகற்பத்தைச் சேர்ந்ததுதான். இங்கே பிளவுகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட அசையலாம். மனித நினைவில் இல்லை என்பதால் இல்லையென்று ஆகிவிடாது. 1994 டிசம்பரில் திருச்சூர் மாவட்டத்தில் 4.3 அளவில் அதிர்ந்த பிறகு ஆய்வாளர்கள் பாரதப்புழைப் படுகையில் நடந்து தேடி, தேசமங்கலம் பக்கம் பாறையில் பிளவைக் கண்டார்கள். கோவைப் பக்கமும் அப்படித் தேட வேண்டும்.

சிறு அதிர்வை உணர்ந்தாலும் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் ‘பூகம்ப்’ செயலியில் ஊர்ப்பெயரோடு பதியுங்கள். ஆய்வாளர்கள் உங்கள் தோட்டத்துக்கு வந்து கிணற்றில் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டால், தயவுசெய்து சம்மதியுங்கள்.